முதியோர் இல்லத்துல கவனிப்பு சரியில்லையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: அம்மா ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்துட்டாங்க. "வயசானா விழத்தான் செய்வாங்க"ன்னு இல்லத்துல சொல்றாங்க. கம்ப்ளெயின்ட் பண்ணலாமா?

ப: தாராளமா. ஆனா விழுந்தது மட்டுமே தப்புன்னு ஆகாது, எவ்ளோ கவனமா பாத்தாலும் சில பேர் விழுவாங்க. இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற நாங்க தேடுறது, இவங்க விழ வாய்ப்பிருக்குன்னு முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சும் என்ன பண்ணாங்கங்கிறதுதான். கேர் பிளான், அதாவது அம்மாவை எப்படி கவனிக்கணும்னு இல்லத்துல எழுதி வெச்சிருக்கிற திட்டம், அதோட காப்பி கேளுங்க. அதுல "ராத்திரி எழுந்தா ஒருத்தர் கூட போகணும்"னு போட்டிருந்து, அன்னைக்கு அந்த மாடி முழுக்க ஒரே ஒருத்தர்தான் டூட்டின்னா அப்புறம் இல்லம்தான் பதில் சொல்லணும். டூட்டி ரோஸ்டர் (யாருக்கு எப்ப வேலைங்கிற பட்டியல்), உதவிக்குக் கூப்பிட அழுத்துற காலிங் பெல் ரெக்கார்டு, ராத்திரி ரவுண்ட்ஸ் நோட்டு மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். நோட்டுல 1:00, 2:00, 3:00ன்னு ஒரே பேனால வரிசையா இருந்தா எனக்கு சந்தேகம் வந்துடும், நிஜமா ரவுண்ட்ஸ் போறவங்க நேரம் 1:10, 2:25ன்னு முன்னப்பின்னதான் இருக்கும். சிசிடிவில பழைய பதிவு தானா அழிஞ்சுடும், அதனால எடுத்து வைக்கச் சொல்லி இன்னைக்கே எழுத்துல கொடுங்க. அதுக்கும் முன்னாடி, தலைல அடிபட்டிருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா ரொம்ப முக்கியம், மண்டைக்குள்ள கசிவு சில சமயம் வாரக்கணக்கு கழிச்சுதான் தெரியும்.

கே: அப்பா கையில கன்னிப்போயிருக்கு. மஞ்சளா இருக்கறதால பழைய காயம்ங்கிறாங்க.

ப: கலரை வெச்சு எத்தனை நாள் காயம்னு கரெக்டா சொல்லவே முடியாது. எந்த இடம்னு பாருங்க. முன்னங்கை, முழங்கால் சாதாரணமா இடிச்சுக்கிற இடம்; மேல்கை உள்பக்கம், காது, கழுத்துன்னா கேள்வி கேட்டே ஆகணும். தேதியோட போட்டோ எடுங்க. அப்பாகிட்ட தனியா பேசுங்க, "அடிச்சாங்களா"ன்னு நீங்களே எடுத்துக் கொடுக்காம "எப்படிப்பா ஆச்சு"ன்னு கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வைங்க.

கே: மறதி நோய் உள்ள மாமியார் கேட் தாண்டி வெளிய போயிட்டாங்க. இப்ப கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் கம்பி போட்டுட்டாங்க, சரியா?

ப: இது தீர்வே இல்ல. கம்பி மேல ஏறி விழுந்தா இன்னும் பலமா அடிபடும், இடுக்குல மாட்டி செத்தவங்களும் உண்டு. கேட் அலாரம் வேலை செஞ்சுதா? கடைசியா எத்தனை மணிக்குப் பாத்தாங்க, எப்ப காணோம்னு தெரிஞ்சுது? அந்த இடைவெளிதான் கேஸே.

கே: கம்ப்ளெயின்ட் பண்ணா கோவத்தை அம்மா மேல காட்டுவாங்களோ?

ப: நியாயமான பயம்தான். வாய்ல சொல்லாம எழுத்துல கொடுத்து, லைசென்ஸ் கொடுத்த துறைக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, வேற வேற நேரத்துல போய்ப் பாருங்க. அடிச்சிருப்பாங்கன்னு சந்தேகம்னா நேரா போலீஸ், இல்லத்தோட உள்விசாரணை முடியட்டும்னு காத்திருக்க வேணாம்.