எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடுகள்

கேள்வி: எங்கள் வீட்டு எலுமிச்சைக் கன்றுக்கு இரண்டு வயது. துளிர் இலைகளில் எல்லாம் நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன, இலைகளும் சுருண்டுவிடுகின்றன. இருமுறை பூச்சிமருந்து அடித்தும் பயனில்லை. இது என்ன நோய்? கன்று பிழைக்குமா?
– வாசகி ஒருவர், புளியங்குடி.

பதில்: கன்று நிச்சயம் பிழைக்கும். இது நோயன்று, இலைத் துளைப்பான் என்னும் மிகச்சிறிய அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்பது அதன் அறிவியல் பெயர். சிறகை விரித்தாலும் அரை சென்டிமீட்டரைத் தாண்டாது என்பதால், தாய்ப்பூச்சியை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி ஆகியவற்றின் கொழுந்து இலைகளில்தான் அது முட்டையிடும்.

கோடு விழுந்த இலையொன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் அருகே நூல்போலத் தொடங்கும் கோடு, புழு வளர வளர அகன்றுகொண்டே போகும். அதன் நடுவில் ஓடும் கரிய இழை புழுவின் எச்சம். அகன்ற முனையில், இலைத்தோலுக்கு அடியில், வெளிர்மஞ்சள் நிறத்தில் தட்டையான புழு படுத்திருக்கும். அது தோலைச் சதையிலிருந்து பிரித்து உண்பதால் இடையே காற்று புகுந்து, கோடு வெள்ளிபோல் மின்னுகிறது. வளர்ந்த புழு இலையோரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். இலை சுருள்வது இதனால்தான்.

நீங்கள் அடித்த மருந்து பலிக்காததற்கும் அந்த இலைத்தோலே காரணம். மேலே தெளிப்பது உள்ளே இருக்கும் புழுவை எளிதில் எட்டாது. ஆனால் அப்புழுவைத் தேடிவந்து அதன்மீது முட்டையிடும் குட்டிக் குளவிகளைக் கொன்றுவிடும். 1993-இல் இப்பூச்சி அமெரிக்காவின் புளோரிடாவுக்குள் நுழைந்தபோது, அங்குள்ளவர்கள் ஆசியாவைச் சேர்ந்த அத்தகைய குளவியொன்றை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள். நம் மண்ணில் அவை இயல்பாகவே இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை அழித்துவிடாதீர்கள்.

கோடு விழுந்த இலைகளைக் கிள்ளியெறியவும் வேண்டாம். எஞ்சிய பச்சை கன்றுக்கு உணவு சமைத்துக்கொண்டுதான் இருக்கும். கிள்ளினால் புதுத்துளிர் கிளம்பி, அடுத்த தலைமுறைப் பூச்சிக்கு விருந்தாகும். யூரியாவை அளவுக்கு மீறி இடுவதும் இதே தவறுதான். முற்றிய இலையில் இப்பூச்சிக்கு வேலையில்லை என்பதால், துளிர்விடும் சில நாள்களை மட்டும் கவனித்தால் போதும். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, துளிர் விரியும் பருவத்தில் மாலை வேளையில் இலையின் இருபுறமும் படும்படி தெளியுங்கள்.

ஒன்றை மட்டும் அசட்டை செய்யாதீர்கள். புழு கிழித்த வழியே சொறி நோய்க் கிருமி எளிதில் நுழையும். மஞ்சள் வளையம் சூழ்ந்த, தொட்டால் சொரசொரக்கும் பழுப்புப் புள்ளிகள் கோட்டை ஒட்டித் தென்பட்டால், அந்தக் கிளையை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள்.