பாராட்டாதவரைப் பாராட்டலாமா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் பூம்பாறையில் ஓய்வுபெற்ற வாத்தியாருக்குப் பாராட்டு விழா எடுத்தோம். எல்லாத் தெருப் பிள்ளைகளையும் தன் வீட்டுத் திண்ணையில் ஒன்றாக உட்காரவைத்துச் சோறு போட்டவர். சால்வையோடு ஒரு பை மலைப்பூண்டும் கொடுத்தோம். நான் படித்த மடலில் ‘சாதி பாராட்டாத எங்கள் ஆசிரியரைப் பாராட்டுகிறோம்’ என்று ஒரு வரி. முன்வரிசையில் இருந்த பெரியப்பா, ‘பாராட்டாதவரை எதுக்குடா பாராட்டுற?’ என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். ஒரே சிரிப்பு. நான் எழுதியது தப்பா? அப்புறம், பாராட்டுகளா, பாராட்டுக்களா?

கு., பூம்பாறை

அன்புள்ள கு.,

தப்பே இல்லை. பெரியப்பாவுக்கு நல்ல நாக்கு, அவ்வளவுதான். பூண்டு கொடுத்தது பிடித்திருந்தது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, சால்வையைவிட உபயோகம்.

ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டு அதை வெளிக்காட்டுவதுதான் பாராட்டுவது. அது நல்லதா கெட்டதா என்று இந்தச் சொல் பார்ப்பதில்லை. நட்பு பாராட்டலாம், பகை பாராட்டலாம். தீண்டாமை பாராட்டுவதற்கும் இதே சொல்தான். பிள்ளையைச் சீராட்டிப் பாராட்டி வளர்த்தார்கள் என்கிறோமே, அங்கே புகழ்ச்சி எங்கே இருக்கிறது? கொஞ்சல்தான். ‘கொண்டாடு’வும் இப்படித்தான்: திருவிழாவையும் கொண்டாடுவோம், பங்காளி நிலத்தில் சொந்தமும் கொண்டாடுவோம்.

‘பண்புபா ராட்டும் உலகு’ என்கிறது குறள் (994). உலகம் பாராட்டுவது பண்பை. நம் மேடைகளில் ஆளைப் பாராட்டுகிறோம், காரணம் சால்வைக்கு அடியில் போய்விடுகிறது. எனக்கே ஒருமுறை விழா எடுத்தார்கள். ஐந்து பேர் பேசினார்கள். நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் வரியில் காரணம் இருக்கிறது.

‘சாதி பாராத’ என்று எழுதியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அது ஒரு மாற்றுக் குறைவாகத்தான் படுகிறது. ‘மெய்வருத்தம் பாரார்’ என்று குமரகுருபரர் பாடியது காரியத்தில் மூழ்கியவரை. உடம்பு நோவது அவர் கண்ணிலேயே படாது. பாராட்டாதவர் வேறு ரகம். மார்கழியில் கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். ‘இதெல்லாம் ஒரு குளிரா’ என்பவர் குளிர் பாராதவர். மப்ளருக்குள் பல் கிட்டிக்க, அதைப் பற்றி வாயே திறக்காமல் வேலையைப் பார்க்கப் போகிறாரே, அவர்தான் பாராட்டாதவர். உங்கள் ஊர் சின்னது. எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று வாத்தியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் திண்ணையில் இலை போட்டிருக்கிறார். அதனால் ‘பாராட்டாத’ என்பதை மாற்றாதீர்கள். பெரியப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

பாராட்டுகளில் நான் ‘க்’ போடுவதில்லை. போடுகிறவர்களோடு பகை பாராட்டுவதும் இல்லை.