ஏல வீடு: சாவி இப்போது யார் கையில்?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கே.டி.சி. நகரில் ஒரு தனி வீட்டை வங்கி ஏலம் விடுவதாக நாளிதழில் அறிவிப்பு வந்துள்ளது. ரிசர்வ் விலை, அதாவது ஏலம் கேட்க வேண்டிய குறைந்தபட்ச விலை, 42 லட்சம் ரூபாய். ‘அடையாளச் சுவாதீனம்’ என்றும் அதில் போட்டிருக்கிறது. கையில் 15 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வீட்டுக்கடன் வாங்கலாம் என்றிருக்கிறேன். என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும், அண்ணாச்சி?

பதில்: விலையைவிட அந்த ‘அடையாளச் சுவாதீனம்’ என்ற சொல்தான் முக்கியம். வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். அவர்களை வெளியேற்ற, கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் 14-ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ வங்கி உத்தரவு வாங்க வேண்டும். அதற்குச் சட்டம் 30 நாள், நீட்டித்தால் மொத்தம் 60 நாள் என்கிறது. நடப்பில் அதற்கு மேலும் இழுப்பதுண்டு. கடன் வாங்கிய வீட்டுக்காரர் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டிருக்கிறாரா என்பதையும் வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

அடுத்து பணம். ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்பணமான டேவணி, ரிசர்வ் விலையில் பத்து சதவீதம் என்றால் 4.20 லட்சம் முதலில் கட்ட வேண்டும். நீங்கள் 44 லட்சத்துக்கு ஏலம் எடுத்தால், டேவணியையும் சேர்த்துக் கால் பங்கான 11 லட்சத்தை அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள், கட்டிவிட வேண்டும். மீதி 33 லட்சத்துக்கு, விற்பனை உறுதிசெய்யப்பட்டதிலிருந்து 15 நாள்தான் தவணை. வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம் வரை நீளும். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். உங்கள் கணக்கில் அப்போது 4 லட்சம் மட்டுமே மிஞ்சியிருக்கும் என்பதால், கடன் மனுவை ஏலத்துக்குப் பிறகு எடுத்துக்கொண்டு ஓடுவது சரிவராது. ஆள் குடியிருக்கும் வீட்டுக்குக் கடன் தர எல்லா வங்கியும் முன்வராது என்பதால், இந்த அறிவிப்பையே காட்டி இப்போதே கேட்டுவிடுங்கள்.

முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, மூலப்பத்திரத்தின் நகலை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்று விற்பதால், பின்னால் குறை சொல்லி வங்கியிடம் போய் நிற்க முடியாது.

பிறகு ஒரு மாலை நேரத்தில் அந்தத் தெருவுக்கே போய் வாருங்கள். இப்படி ஒரு வீட்டைப் பார்க்க நண்பரோடு நான் போனபோது, காகிதத்தில் காலி என்றிருந்த மாடியில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. “மேல வாடகைக்கு ஆளு இருக்காவ அண்ணாச்சி, ரெண்டு வருசமாச்சு” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. வங்கியின் காகிதத்தில் அந்த வாடகைக்காரரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியே வாசலில் இருக்கும் மீட்டரின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரிய அலுவலகத்திலும், வீட்டுத் தீர்வை, குடிநீர்க் கட்டண பாக்கியை உள்ளாட்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள். அந்த பாக்கிகள் பெரும்பாலும் எடுத்தவர் தலையில்தான் விழும். அதையும் கழித்துக்கொண்டே உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.