ஹெபாமெயை நீங்கள்தான் தேட வேண்டும், மகள்

மட்டக்களப்புக் களுதாவளையில் இருந்து கலியாணம் முடித்து சுவிஸுக்கு வந்து ஏழு மாதம், வயிற்றில் ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு விசா கிடைக்குமோ தெரியாது, பால் காணாமல் போனால் என்ன செய்வது, பால்மா டின் இப்பவே வாங்கி வைக்கவா, ஊரில் இருந்து வருகிறவர்களிடம் என்னென்ன சொல்லி விடலாம், குளிர் உடுப்பு, டொச் (ஜெர்மன் மொழி) வகுப்பு என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். உடுப்பையும் வகுப்பையும் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நான் பாலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

டின் வாங்க வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு ஹெபாமெயைத் தேடுங்கள். நம்முடைய மிட்வைப் மிஸ்ஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வது.

ஊரில் மிட்வைப் மிஸ் நம்மைத் தேடி வருவார். பிள்ளைத்தாய்ச்சி என்று காதில் பட்டாலே வாசலுக்கு வந்து பெயரைப் பதிந்து, கிளினிக் நாளைச் சொல்லி, திரிபோஷா என்ற சத்துமாவும் கிடைக்கச் செய்வார். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள்ளேயே இரண்டு தரம் வீட்டுக்கு வந்து தையலைப் பார்ப்பார், கொப்பூழைப் பார்ப்பார், "குடுக்கிற மாதிரிக் காட்டுங்க பாப்பம்" என்று பக்கத்தில் இருந்து பார்ப்பார். அதனால் இங்கேயும் யாரோ வருவார்கள் என்று நினைத்து நாம் வீட்டில் இருந்துவிடுகிறோம். இங்கே வீட்டுக்கு வருகிற ஹெபாமெயை நாமே தேடிப் பிடித்து முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். மூன்றாம் நாலாம் மாதத்திலேயே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், உங்களுக்கு ஐந்து ஆகிவிட்டது. உங்கள் பெண் டொக்டரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள்.

காசுக்குப் பயப்பட வேண்டாம். பிள்ளை பிறந்து 56 நாள் வரை, முதல் பிள்ளை என்றால் 16 தரம் வீட்டுக்கு வருவதை அடிப்படை மருத்துவக் காப்புறுதி கொடுக்கும். அதற்கு நாம் கையில் இருந்து கட்டும் பங்கும் இல்லை. பால் கொடுப்பதற்கு மட்டும் ஆலோசனை பெற தனியாக மூன்று தரம் உண்டு. பிக்கெட் (கூப்பிட்டால் வரத் தயாராக இருப்பதற்கான கட்டணம்) என்று சிலர் வேறாகக் காசு கேட்பார்கள், அதை முதலிலேயே விசாரித்து விடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு ஊர் பழுகாமம். 1998 இல் பேர்ன் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வந்தேன், 1999 தை மாதம் மூத்தவள் பிறந்தாள். இவருக்கு உணவகத்தில் இரவு வேலை, வீடு வர ஒரு மணியாகும். உங்களுக்குத் தெரியும்தானே, நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள், பிள்ளை பெற்றால் அம்மா, அம்மம்மா, சின்னம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில். அப்படி வளர்ந்த எனக்கு அந்த நாலாம் மாடி வீட்டில் வெளியே பனி, உள்ளே பிள்ளையும் நானும்.

நாலாம் நாள் மார்பு கல்லு மாதிரி ஆனது. காம்பு வெடித்து இரத்தம். பிள்ளை வாயைத் திறந்தாலே எனக்குக் கண்ணீர் வரும். எட்டாம் நாள் குளிர் காய்ச்சல், ஒரு பக்கம் சிவந்து நெருப்பாய்க் கொதித்தது. அதே கட்டிடத்தில் ஒரு தமிழ் அம்மா இருந்தார். "காய்ச்சலோட குடுத்தால் பால் நஞ்சு, பிள்ளைக்குக் கூடாது" என்று டின்னும் போத்தலும் கொண்டுவந்து தந்தார். நான் நிற்பாட்டினேன். கட்டிய பால் இன்னும் கட்டியது, கடைசியில் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். ஒரு மாதத்தில் பால் வற்றிப் போனது.

அந்தக் காய்ச்சலுக்குப் பால் நஞ்சாகாது, மகள். பால் கட்டினால் அந்தப் பக்கத்தையும் நிற்பாட்டாமல் வழமை போலக் கொடுக்க வேண்டும், உடனே வைத்தியரிடமும் போக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு ஒருவரும் இல்லை. ஹெபாமெ என்ற சொல்லே எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் பழுகாமத்தில் வீட்டில் ஏது தொலைபேசி. அம்மா பட்டிருப்புப் பாலம் தாண்டி, சோதனைச் சாவடியில் இறங்கி ஏறி, களுவாஞ்சிகுடியில் ஒரு கொமியூனிக்கேசனில், அதாவது தொலைபேசிக் கடையில், காத்திருப்பார். நான் இங்கிருந்து எடுப்பேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி. "முழுங்குற சத்தம் கேட்குதா மனே?" எனக்கு அந்தக் கேள்வி அப்போது விளங்கவில்லை. பால் உள்ளே போகிறதா என்று அறிய அந்தச் சத்தம் ஒரு நல்ல அடையாளம் என்று பிறகுதான் படித்தேன். காம்பை மட்டும் கவ்வினால் சத்தம் வராது, காம்பு வெடிக்கும். வாயை அகலத் திறந்து கறுத்த வட்டத்தையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். என் பிழை முழுக்க அங்கேதான் இருந்தது.

உங்களைப் பார்க்கச் சனம் வரும். குழந்தை ஒரு தரம் அழுதால் "பால் காணாது போல" என்பார்கள். இங்கே முப்பது வருடம் இருந்தவர்களும் அதையே சொல்கிறார்கள், எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். முப்பத்தோராம் நாளுக்கு மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடத் தெரியும், பெற்றவளுக்கு இரண்டு மணித்தியாலம் பிள்ளையை வைத்திருந்து நித்திரை கொள்ள விடத் தெரியாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுப் போத்தல் எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தரம் கேட்பது பச்சைப் பிள்ளைக்கு இயல்பு. முதல் நாட்களில் நிறை கொஞ்சம் குறையும், இரண்டு கிழமைக்குள் திரும்பி வரும். ஐந்தாறு நாள் கழிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு பம்பர்ஸ் நனைந்தால் பால் காணுகிறது என்று அர்த்தம். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். போத்தலால் வயிறு நிறைந்தால் மார்புக்கு யார் சொல்வது?

முதல் மஞ்சள் பாலைப் பிழிந்து ஊற்றச் சொன்னால் கேட்க வேண்டாம். தேன் நாக்கில் தடவவே கூடாது, ஒரு வயது வரைக்கும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். இங்கே ஹீட்டர் காற்றில் நாக்கு வறளும், தாகத்துக்குத் தாராளமாகக் குடியுங்கள். மற்றப்படி பத்தியக் கறி நல்லது. உள்ளி, மிளகு, சீரகம், மஞ்சள் இங்கேயே இருக்கிறது, சரக்குத் தூள் மட்டும் ஊரில் இருந்து எடுப்பியுங்கள். சுறா வறை நானே இங்கே செய்யப் பழகினேன், டின் மீனில் செய்தால் அது சுறா இல்லை.

அப்புறம் ஒன்று. மூன்றாம் நாலாம் நாள் காரணம் இல்லாமல் அழுகை வரும், அது போய்விடும். இரண்டு கிழமை தாண்டியும் போகவில்லை, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லை என்றால் ஹெபாமெயிடம் சொல்லுங்கள். அவருக்கும் உங்களுக்கும் பாஷை ஒத்துவராது என்று பயப்படாதீர்கள். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தரச் சொல்லலாம். புருசனை வைத்துப் பேசினால் பாதியை நீங்களே விழுங்கி விடுவீர்கள்.

வேலைக்குப் போகிறீர்கள் என்றால் தாய்மைப் பணம் 14 கிழமைக்கு உண்டு. நான் மூத்தவளைப் பெற்றபோது அந்தச் சட்டமே இல்லை, 2005 இல்தான் வந்தது. இப்போது வேலை இடத்தில் பால் கொடுக்கவும் சம்பளத்தோடு நேரம் தர வேண்டும், முழு நாள் வேலைக்கு ஒன்றரை மணித்தியாலம், பிள்ளைக்கு ஒரு வயது வரை. முதலாளி தானாகச் சொல்ல மாட்டார்.

இரண்டாவது மகன் 2003 இல் பிறந்தான். அதற்குள் நான் டொச் படித்து, முதியோர் இல்லத்தில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். நாலாம் மாதமே ஹெபாமெயைப் பதிந்தேன். நரைத்த முடியோடு ஒரு பெண், சைக்கிளில் வருவார். முதல் நாளே என் முழங்கைக்குக் கீழே தலையணையை வைத்து, பிள்ளையின் கீழ்த்தாடையை மெல்லப் பிடித்து இறக்கினார், அவ்வளவுதான், நோவு நின்றது. ஊரில் அப்போது சமாதான காலம், அம்மா பாலம் கடந்து வர முன்னைப் போல் நேரமாகவில்லை. அன்றைக்கும் அதையே கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, றிசீவரைப் பிள்ளையின் கன்னத்துக்குக் கிட்டப் பிடித்தேன். அந்தப் பக்கம் அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கேட்குது மனே" என்றார்.