சம்பந்தம் இருக்குங்க

கேள்வி: டேட்டாபேஸ் குழு ஒண்ணுல ரொம்ப நாளா இருக்கேன். அங்க ஒருத்தர் யாருக்கு என்ன பதில் சொன்னாலும் கடைசி வரியில "இறைவன் துணை இருப்பான்"னு போட்டுத்தான் முடிப்பார். நான் கேட்ட கேள்விக்கும் அப்படியே. "சம்பந்தமில்லாததை இங்க கொண்டு வராதீங்க"ன்னு சொன்னேன், ரெண்டு நாள் சண்டை. டெக்னிக்கல் குழுவில மதம் பேசலாமா? நான் சொன்னது தப்பா?

பதில்: "சம்பந்தமில்லாதது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, நான் அந்த வார்த்தையிலயே நின்னுட்டேன். அதுவும் டேட்டாபேஸ் குழுவில! உங்க போன் ஆண்ட்ராய்டோ ஐபோனோ, அதுக்குள்ள எஸ்க்யூலைட் இருக்கு. 2000-ல ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட, தகவலைச் சேமிச்சு வைக்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர். அதோட சோர்ஸ் கோட் ஃபைலைத் திறந்து பாருங்க, மத்த சாஃப்ட்வேர்ல லைசென்ஸ் வாசகம் இருக்கிற இடத்துல இதுல ஒரு ஆசீர்வாதம் இருக்கும். நல்லது செய், கெட்டது செய்யாதே, உனக்கு மன்னிப்புக் கிடைக்கட்டும், நீயும் பிறரை மன்னி, தாராளமா பகிர்ந்துக்கோ, கொடுக்கிறதை விட அதிகமா எடுக்காதேன்னு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறேன்னு நினைக்காதீங்க, அந்த முடிச்சு உங்க பாக்கெட்லயே இருக்கு.

அதே ஹிப்தான் தன் டெவலப்பர்களுக்கான நடத்தை விதியா புனித பெனடிக்ட்டோட 72 கட்டளைகளை வச்சார். ஆறாம் நூற்றாண்டுல கிறிஸ்தவத் துறவிகளுக்காக எழுதினது, முதல் கட்டளையே கடவுளை முழு மனசோட நேசிக்கணும்ங்கிறதுதான். 2018-ல இது வெளியில தெரிஞ்சு பெரிய ரகளை ஆச்சு. இந்த விதியை யாரும் பின்பற்ற வேண்டாம், தெரிஞ்சுக்கக்கூட வேண்டாம், இது நல்ல யோசனைன்னு நினைக்கக்கூட வேண்டாம், நாங்க எங்களுக்குப் போட்டுக்கிட்ட உறுதின்னு அங்கயே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் நடத்தை விதிங்கிற பேரை நெறிமுறைன்னு மாத்திட்டு, நடத்தை விதிக்கு ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கின மொஸில்லாவோட வழிகாட்டுதலை எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். தன் நம்பிக்கையை ஒளிக்கவும் இல்ல, அடுத்தவன் தலையில கட்டவும் இல்ல. அவரோட கடவுளை ஏத்துக்காதவங்களும் தினம் அவர் டேட்டாபேஸைத்தான் ஓட்டறாங்க.

பெர்ல்ங்கிற புரோகிராமிங் மொழியில ஆப்ஜெக்ட், அதாவது தகவலையும் அதுக்கான வேலைகளையும் சேர்த்துக் கட்டின ஒரு பொட்டலம், உருவாக்கணும்னா 'பிளெஸ்'னு ஒரு கட்டளை கொடுக்கணும், ஆசீர்வதின்னு அர்த்தம். அதை உருவாக்கின லாரி வால் பைபிள் மொழிபெயர்ப்புக்குப் போகணும்னு மொழியியல் படிச்சவர். அல்காரிதம்னாலே நினைவுக்கு வர்ற கம்ப்யூட்டர் அறிஞர் டொனால்ட் கனூத் 1999-ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஆறு சொற்பொழிவு கொடுத்தார், கம்ப்யூட்டரும் கடவுள் நம்பிக்கையும்தான் விஷயம்.

மதமே இல்லாம சண்டை போட நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதா என்ன? 1980-ல டேனி கோஹன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஒரு எண்ணோட பைட்டுகளை எந்தப் பக்கத்துல இருந்து அடுக்கணும்ங்கிற தகராறைப் பத்தி எழுதின கட்டுரைக்கே புனிதப் போர்னுதான் தலைப்பு வச்சார். கோட் எழுதற சாஃப்ட்வேர்ல விஐ நல்லதா ஈமேக்ஸ் நல்லதாங்கிற எடிட்டர் சண்டை, எழுபதுகள்ல பிறந்த அந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னைக்கும் நடக்குது. கோடுல வரியைத் தள்ளி எழுத டேபா ஸ்பேஸான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அடிச்சுக்கறவங்க ஒத்தை வரி வாழ்த்தைப் பார்த்து "இங்க மதம் வேண்டாம்"னு சொல்றது எனக்குச் சுத்தமா ஒப்பாது, இதைப் பல தடவை எழுதிட்டேன், இனியும் எழுதுவேன்.

நான் டெலஸ்கோப் கண்ணாடி தேய்க்கிறவன். ரெண்டு கண்ணாடி வட்டு, நடுவுல கார்போரண்டம் பொடியும் தண்ணியும், கை வலிக்க வலிக்கத் தேய்க்கணும். எங்க குழுவில ஒரு பையன் தன்னோட ஆறு அங்குலக் கண்ணாடியை ஃபூக்கோ சோதனையில, அதாவது நிழலை வச்சு வளைவு சரியான்னு பார்க்கிற சோதனையில பார்த்தா விளிம்புல மட்டும் நிழல் ஒழுங்கா விழலைன்னு கேட்டான். ஒரு பெரியவர் உட்கார்ந்து எட்டுப் பத்தி எழுதினார். வளைவு மையத்துல விளக்கும் பிளேடும் வச்சுப் பார்த்தா சரியான கோளத்துல மொத்தக் கண்ணாடியும் ஒரே நேரத்துல இருட்டாகும், உனக்கு ஓரம் மட்டும் வேற மாதிரி தெரியுதுன்னா விளிம்பு கீழ சாய்ஞ்சிருக்கு, தேய்க்கிற வீச்சைக் குறை, ஓரத்துல அழுத்தாதேன்னு அவ்வளவு பொறுமையா. கடைசியில "ஆண்டவன் உன் கைக்குத் துணை நிக்கட்டும்". அந்த ஒரு வரிக்கு நாப்பது பதில் வந்துச்சு, எட்டுப் பத்திக்கு ஒரு பதில் இல்ல. பெரியவர் அதோட எழுதறதை நிறுத்திட்டார். கண்ணாடியை மெருகேத்த உதவற தார் மாதிரியான பிட்ச் இளகற பதத்தைக் கட்டை விரல் நகத்தால அமுக்கிப் பார்த்தே சொல்லிடுவார், அப்படி ஒருத்தரை இழந்துட்டோம்ங்கிறது இன்னும் எனக்கு ஆறலை.

அதுக்காக எதையும் பேசலாம்னு நான் சொல்லலை. ஹார்ட் டிஸ்க் கட கடன்னு சத்தம் போடுதுன்னு ஒருத்தன் பதறும்போது "பிரார்த்தனை பண்ணு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா அது பதிலே இல்ல, முதல்ல டேட்டாவைக் காப்பி எடுக்கச் சொல்லணும். நீ எந்த மதம்னு கேட்கறவன், கேட்காமலேயே மதம் மாறச் சொல்லித் தனியா மெசேஜ் அனுப்பறவன், வேற நம்பிக்கைக்காரனை மட்டம் தட்டறவன், இவங்களை வெளியில அனுப்பறதுல எனக்குத் தயக்கமே இல்ல. கடவுள் இல்லைன்னு கையெழுத்துக்குக் கீழ போடறவருக்கும் இதே அளவுகோல்தான், அவர் வரி இருக்கலாம்னா இவர் வரியும் இருக்கலாம். கேள்வி கேட்க வர்ற புதுசா ஒருத்தன் "இது நமக்கான இடம் இல்ல போல"ன்னு திரும்பிப் போற அளவுக்குப் போச்சுன்னா அப்போ அட்மின் தலையிடணும். ஒரு வரி வாழ்த்து அந்த அளவுக்குப் போகலைங்க.

அதனால ஆமா, நீங்க சொன்னது தப்பு. சண்டையைப் பத்தி இவ்வளவு எழுதினீங்களே, உங்க கேள்விக்கு அவர் சொன்ன வழி வேலை செஞ்சுதா இல்லையா? அதை நீங்க எனக்கும் எழுதலை, அவர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க. இன்னைக்கே போய்ச் சொல்லுங்க.