முன்பணம் கட்டும் முன்

ஐயா, 61 வயதில் பி.எஃப். பணத்தை எடுத்து விண்வெளிச் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வயது ஒரு தடையே இல்லை. 2021-ல் நடிகர் வில்லியம் ஷாட்னர் 90 வயதில் போய் வந்தார். என் கவலை காத்திருப்புதான். விர்ஜின் கேலக்டிக் என்ற விண்வெளிச் சுற்றுலா நிறுவனத்தில் 2005-ல் பணம் கட்டிய ஜான் குட்வின் பறந்தது 2023-ல்! இதற்கிடையே, 2021-க்குள், டிக்கெட் 2 லட்சம் டாலரிலிருந்து நாலரை லட்சமாக ஏறியிருந்தது. அத்தனை கொடுத்தும் மிதப்பது சில நிமிடம்தான்.

மிதக்கும் ஆசைதான் பெரிது என்றால், சரி, பிரான்சிலோ அமெரிக்காவிலோ பரவளையப் பாதையில் ஏறி இறங்கும் விமானத்தில் போய் வாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் சுமார் 20 விநாடி எடையின்றி மிதக்கலாம். கறுத்த வானமும் பூமியின் வளைவும் கிடைக்காது, ஆனால் செலவு பல மடங்கு குறைவு. அப்புறம், கிளம்பும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.