ப்ளகினில் இன்டர்ஃபேஸ் சரியாக இருந்தும் காஸ்ட் மட்டும் தோற்றுப்போவது ஏன்?

டாட்நெட் டெஸ்க்டாப் ஆப்பில் ப்ளகின் (ஆப்போடு தனியாகச் சேர்க்கும் துணை நிரல்) டிஎல்எல் ஏறிவிடுகிறது, ஆப்ஜெக்டும் உருவாகிறது. அதை ஐப்ளகின் என்ற இன்டர்ஃபேஸாக மாற்றும் (காஸ்ட் செய்யும்) வரியில் 'இன்வாலிட் காஸ்ட்' பிழை வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் உங்கள் கிளாஸில் தவறு இருக்காது. மெமரியில் இரண்டு ஐப்ளகின் இருக்கின்றன. டாட்நெட் ஒரு டைப்பைப் பெயரை மட்டும் வைத்து அடையாளம் காண்பதில்லை. அது எந்த அசெம்பிளியில் (கம்பைல் செய்த டிஎல்எல்லில்) இருக்கிறது, அந்த அசெம்பிளி எந்த லோட் கான்டெக்ஸ்டில் (அசெம்பிளிகளை ஏற்றி வைக்கும் தனிப் பகுதியில்) ஏறியது என்பதையும் பார்க்கிறது. ஒரே டிஎல்எல் இரண்டு கான்டெக்ஸ்டில் ஏறினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் அவை வேறு வேறு டைப்புகள்தான்.

முதலில் 'ஆஸ்' ஆபரேட்டரை எடுத்துவிட்டு அடைப்புக்குறி காஸ்ட் போடுங்கள். 'ஆஸ்' சத்தமில்லாமல் 'நல்' (null, வெற்று மதிப்பு) தந்துவிடும். காஸ்ட் தோற்றால் எந்த டைப்பை எந்த டைப்பாக மாற்ற முடியவில்லை என்பது பிழைச்செய்தியில் இருக்கும். அந்தச் செய்தியை முழுவதும் படியுங்கள்.

வழக்கமான காரணம், ப்ளகின் ஃபோல்டரிலும் இன்டர்ஃபேஸ் டிஎல்எல்லின் நகல் கிடப்பது. பில்ட் செய்யும்போது அது தானாக அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. ப்ளகின் ப்ராஜெக்ட் ஃபைலில் அந்த ரெஃபரன்ஸுக்கு 'பிரைவேட்' ஃபால்ஸ், 'எக்ஸ்க்ளூட் அசெட்ஸ்' ரன்டைம் என்று கொடுத்து, பழைய நகலைக் கையால் அழித்துவிடுங்கள். அதோடு நிற்க வேண்டாம். டாட்நெட் கோர் 3.0 முதல் உள்ள டிபென்டென்சி ரிசால்வரோடு (ப்ளகினுக்குத் தேவையான டிஎல்எல்கள் எங்கே என்று கண்டுபிடிப்பது) சொந்த லோட் கான்டெக்ஸ்ட் எழுதியிருந்தால், அதன் 'லோட்' மெத்தடில் இன்டர்ஃபேஸ் அசெம்பிளியின் பெயர் வந்ததும் ரிசால்வரைக் கேட்காமலே 'நல்' திருப்புங்கள். அப்போது டிஃபால்ட் கான்டெக்ஸ்டில் ஏற்கெனவே உள்ளதே கிடைக்கும். பயனர் யாராவது நகலைப் போட்டு வைத்தாலும் பாதிப்பில்லை.

'அசெம்பிளி லோட்ஃபைல்' வேண்டாம். அது ஒவ்வொரு பாதைக்கும் தனிக் கான்டெக்ஸ்ட் உருவாக்கும். இன்டர்ஃபேஸின் சோர்ஸ் ஃபைலை இரு ப்ராஜெக்டிலும் லிங்க் செய்வதும் இதே தவறு. இரண்டு அசெம்பிளி, இரண்டு டைப்.

இன்னொரு இடமும் கவனிக்கத் தக்கது. இன்டர்ஃபேஸ் மெத்தட் ஒன்று வேறொரு நூகெட் பேக்கேஜின் (டாட்நெட்டில் தனியாகச் சேர்க்கும் நூலகத்தின்) டைப்பைத் திருப்பி, ப்ளகினும் அந்தப் பேக்கேஜின் சொந்த நகலை ஏற்றினால், காஸ்ட் பிழைக்குப் பதில் 'மெத்தடுக்கு இம்ப்ளிமென்டேஷன் இல்லை' என்ற டைப்லோட் பிழை வரும். எழுதிய மெத்தட் கண்ணெதிரே இருக்க இப்படி வருவதால்தான் பலர் நாள்கணக்கில் அலைகிறார்கள். இன்டர்ஃபேஸில் ஸ்ட்ரிங், இன்ட் போன்ற அடிப்படை டைப்புகளையும் அதே அசெம்பிளியில் நீங்கள் எழுதிய டைப்புகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.